வெட்டாத பச்சைக் கம்பி

எங்கள் படகுத்துறையில் அப்பா சொன்னால் சொன்னதுதான். படகுக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். துறையில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. "தலைவர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். அந்தத் தலைவரின் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொன்ன முதல் ஆள் என் அண்ணிதான்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அண்ணி ஒரு பட்டறையில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். மின்சாரத்தில் டிப்ளமோ முடித்தவள். குரல் கொஞ்சம் பெரிசு. தனக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ளும் நல்ல பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. வந்த புதிதிலேயே அப்பாவின் படகில் விளக்கு ஒயர் போட்டிருக்கிற லட்சணத்தைப் பார்த்து, "இதை யாரு மாமா போட்டா? கண்ணக் கட்டிக்கிட்டுப் போட்டாரா?" என்று கேட்டாள். போட்டது அப்பாதான். அன்றைக்கு அப்பா அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்: வீம்பு. "வீம்பு எங்க?" என்று அவர் வாசலில் நின்று கத்தினால், "வீம்பு இங்க இருக்கேன் மாமா" என்று உள்ளே இருந்து பதில் வரும். அதிலும் ஒரு வீம்பு.

எங்களுடையது நல்ல தண்ணீர் ஏரி. இந்தக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் ஆள் ஏற்றும் படகுகள், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றும் படகுகள், ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றும் படகுகள் எல்லாம் ஒரே துறையில் கட்டிக் கிடக்கும். அப்பாவுக்குப் பெரிய படகு. அண்ணனும் அண்ணியும் சின்னப் படகை ஓட்டினார்கள். நான் துறை வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சவாரி முடிந்து திரும்பும் படகுகள் கரையிலிருந்து ஆளுக்கொரு கேபிளை இழுத்துச் செருகிக்கொள்ளும். படகுக்குள் இருக்கும் சார்ஜர் அந்த மின்சாரத்தை வாங்கி பேட்டரிகளுக்கு ஊட்டும். மறுநாள் எஞ்சின் கிளம்புவதும் விளக்கு எரிவதும் அந்தச் சார்ஜரின் புண்ணியம்.

அந்த வருடம் படகுகளின் அடியில் உலோகம் அரிக்கத் தொடங்கியது. புரொப்பல்லர்களில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்தது. புரொப்பல்லருக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகட்டும் என்று அதன் பக்கத்தில் ஒரு உலோகக் கட்டியை மாட்டியிருப்பார்கள். அது சோப்புக் கட்டி மாதிரிக் கரைந்தது. அப்பா எங்கிருந்தோ ஒரு மின்காரரைக் கூட்டிவந்தார். அவர் துறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கேபிள்ல பச்சையா ஒரு எர்த் கம்பி வருது பாருங்க, அதுதான் எல்லாப் படகையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்குது. ஒரு படகோட உலோகம் இன்னொரு படகோட உலோகத்தைத் தின்னுது. பச்சைக் கம்பிய வெட்டி விடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா உத்தரவு போட்டார். சாயங்காலத்துக்குள் துறையில் இருந்த அத்தனை பிளக்குகளிலும் பச்சைக் கம்பி வெட்டுப்பட்டது, ஒன்றைத் தவிர.

அப்பா கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் படகுக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். அண்ணி எஞ்சின் குழிக்குள் குப்புறப் படுத்துப் புதிய சார்ஜரை மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வெட்டியாச்சு. உன்னோடது ஒண்ணுதான் பாக்கி" என்றார் அப்பா.

"வெட்ட முடியாது மாமா" என்றது குழி.

"வெளிய வந்து பேசு."

அண்ணி முழங்கையெல்லாம் கரியோடு எழுந்து உட்கார்ந்தாள். "இந்தச் சார்ஜர் ஒரு தகரப் பெட்டி. உள்ள இருக்கிற கம்பி ஒண்ணு தேஞ்சு இந்தப் பெட்டியில பட்டுதுன்னு வைங்க. பச்சைக் கம்பி இருந்தா கரண்ட் அது வழியா கரைக்கு ஓடும், அங்க சுவிட்ச் விழும், அதோட கதை முடிஞ்சுது. பச்சைக் கம்பி இல்லேன்னா?"

"இல்லேன்னா என்ன?"

அவள் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இன்னொரு கம்பியைத் தட்டிக் காட்டினாள். கட்டைவிரல் தடிமன் இருக்கும். "இது வழியா எஞ்சினுக்கு வரும். எஞ்சின்ல இருந்து புரொப்பல்லருக்கு. புரொப்பல்லர் எங்க இருக்கு மாமா? தண்ணிக்குள்ள."

"அப்ப அந்தத் தடிக் கம்பியையும் சேத்து வெட்டு!"

"வெட்டினா பெட்டியத் தொடுறவன் செத்தான். இது ரெண்டும் இருந்தே ஆகணும். அந்த மின்காரர் சொன்னது பாதி சரி. அரிப்பு எர்த் வழியாதான் வருது. அதுக்குன்னு எர்த்தையே வெட்டுறது, மூக்குல சளின்னு மூக்க அறுக்கிற மாதிரி."

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். என் அண்ணன் நல்லவன். ஆனால் அப்பாவுக்கும் அண்ணிக்கும் நடுவில் நிற்கும்போது தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவனுக்கே தெரியாது.

"இங்க நான் தலைவரா, நீ தலைவரா?" என்றார் அப்பா.

"நீங்கதான் தலைவர். கம்பி மட்டும் என்னோடது."

அப்பா பிளேயரைப் படகுத் தளத்தில் போட்டுவிட்டு இறங்கினார். "அரிச்சுத் தின்னட்டும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

அவர் சொன்னது பலிக்கவும் செய்தது. மற்றவர்களின் படகில் அரிப்பு குறைந்தது. அண்ணியின் படகில் மாட்டிய கட்டி மட்டும் முன்பைவிட வேகமாகக் கரைந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அப்பா அதில் மிச்சமிருந்த துண்டைக் கொண்டுவந்து அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "உன் பச்சைக் கம்பி தின்னது போக மீதி."

அண்ணி அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். "கட்டி போனா வேற கட்டி மாட்டலாம் மாமா. ஆள் போனா வேற ஆள் மாட்ட முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடிகிறதா? அப்பா ஒரு பேச்சு, இவள் எதிர்ப் பேச்சு, அம்மா நடுவில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு. விட்டுக்கொடுத்தால் என்ன, தலை இறங்கிவிடுமா என்று நினைத்தேன். துறையிலும் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

பிறகு ஒருநாள் காலை அண்ணி ஒரு மீட்டரோடு துறையில் அலைய ஆரம்பித்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் மீட்டர் அது. கம்பிக்குள் கரண்ட் ஓடுகிறதா என்று வெளியிலிருந்தே சொல்லிவிடும். தன் படகில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பச்சைக் கம்பியைக் கவ்வ வைத்துப் பார்த்திருக்கிறாள். மீட்டர் கரண்ட் காட்டியது.

"என் படகுல ஒரு விளக்கு கூட எரியல. அப்புறம் இந்தக் கரண்ட் எங்க இருந்து வருது?" என்று துறை நடுவில் நின்று கேட்டாள். "தண்ணியில இருந்து வருது. இங்க யாரோட படகோ தண்ணிக்குள்ள கரண்ட் விடுது. வெட்டாத எர்த் என்கிட்ட மட்டும்தான் இருக்கு, அதனால அது என் வழியா கரைக்குப் போகுது."

யாரும் நம்பவில்லை. அவளும் ஒரு தப்பு செய்தாள். பக்கத்தில் கட்டியிருந்த, ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றும் ஐஸ்காரரின் படகைக் காட்டி, "இதுதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். ஐஸ்காரர் கோபமாகத் தன் கேபிளைப் பிடுங்கி எறிந்தார். மீட்டரில் அசைவே இல்லை; கரண்ட் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. துறையே சிரித்தது. "வீம்பு, மீட்டருக்கு ஜுரம் போல, மாத்திரை குடு!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணி ஐஸ்காரரிடம் போய், "தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த படகைச் சோதிக்கப் போனாள். ஒருவரும் உள்ளே விடவில்லை. அப்பா தன் படகின் ஏணியையே மேலே தூக்கிவைத்துவிட்டார்.

அண்ணி ஒரு பலகையில் எழுதி வாசலில் நட்டாள்: தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது, இறங்காதீர்கள். அப்பா பிடுங்கினார். அவள் இன்னொன்று நட்டாள். அதையும் பிடுங்கினார். அடுத்த நாள் வந்து பார்த்தால் சின்னப் படகின் விலாவில் ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் அதே வாசகம். எதிர்க்கரையிலிருந்து படிக்கலாம். படகு அவளுடையது, அதை யார் பிடுங்குவது? சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

நான் சின்ன வயதிலிருந்து தினமும் அந்த ஏரியில் நீந்துகிறவள். கொஞ்ச நாளாகத் தண்ணீரில் இறங்கினால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது உண்மைதான். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு எழுத்தைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபத்தில் அதையும் மறந்தேன். அண்ணி பெரிய படகுக்கு முன்னால் நின்று அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை உங்க கேபிளக் கழட்டுங்க மாமா. மீட்டர் பாத்துட்டுப் போயிடுறேன்."

"என் படகுல கை வச்சா நடக்கிறதே வேற."

"போதும் அண்ணி!" என்றேன். "தண்ணியில கரண்ட்டா? நான் இப்பவே இறங்கிக் காட்டுறேன், எல்லாரும் பாருங்க."

"பைத்தியமா உனக்கு?" என்று அவள் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, பெரிய படகின் பின்பக்கமாகக் குதித்துவிட்டேன்.

மேலே வந்து ஒரு கை போட்டேன். சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். படகின் பின்புறத்தை நெருங்க நெருங்க எறும்பு ஊர்ந்தது தேள் கொட்டுவது மாதிரி ஆனது. அடுத்த கையைத் தூக்க நினைத்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. காலும் கேட்கவில்லை. உடம்பு மொத்தமும் யாரோ முறுக்கிப் பிழிகிற ஈரத்துணி போல இறுகியது. கத்த வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் உள்ளே போனது. காது மட்டும் வேலை செய்தது.

"யாரும் குதிக்காதீங்க!" அது அண்ணியின் குரல். "ஒருத்தரும் குதிக்கக் கூடாது!"

"என் தங்கச்சிடி! விடு என்னை!" இது அண்ணன். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"குதிச்சா நீயும் போயிருவ. டயரத் தூக்கிப் போடு! போடுய்யா!"

என்னைச் சாகவிடுகிறாள் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்போடு கீழே போனேன்.

பிறகு நடந்ததை அண்ணன் சொல்லித்தான் தெரியும். அண்ணி அவனை மார்பில் கைவைத்துத் தள்ளித் தரையில் உட்கார வைத்திருக்கிறாள். துறையின் மெயின் சுவிட்ச் பெட்டிக்கு ஓடியிருக்கிறாள். பெட்டி பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் இடுப்பில். அவர் கொத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, அவள் காத்திருக்கவில்லை. கிடந்த சின்ன நங்கூரம் ஒன்றைத் தூக்கிப் பூட்டின்மேல் போட்டாள், மறுபடியும் போட்டாள். பூட்டு தெறித்தது. சுவிட்சை இறக்கிவிட்டு, "இப்ப குதி!" என்றாள். அண்ணன் குதித்தான்.

தண்ணீருக்குள் சட்டென்று என் உடம்பு என்னிடம் திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கால் உதைத்தது. அண்ணனின் கை என் முடியைப் பிடித்தது.

என்னைத் தளத்தில் குப்புறப் போட்டு அழுத்தினார்கள். ஏரியில் பாதியைக் கக்கினேன். கண் திறந்தபோது அப்பா என் காலடியில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து இன்னும் கையில் இருந்தது. அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே முதுகில் ஒன்று வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். முடியவில்லை. வெயில் ஏறியதும் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஐஸ் உருகுகிறது, பம்பு ஓடவில்லை, சுவிட்சைப் போடு என்றார்கள். அண்ணி சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நங்கூரம் மடியில்.

"ஒவ்வொரு படகா பாக்கணும். பாத்து முடிக்கிற வரைக்கும் இந்தச் சுவிட்ச் ஏறாது."

"யாரக் கேட்டு?" என்றார் ஐஸ்காரர்.

"யாரையும் கேக்கல."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து போய் அவள் முன் நின்றார். "சங்கத்துக்கு நான் தலைவர். எந்திரி."

"நீங்க தலைவர்தான் மாமா. அங்க படுத்திருக்கிறது உங்க பொண்ணு. மொதல்ல யாரோட படகப் பாக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

அப்பா பெரிய படகுக்குப் போய், தூக்கிவைத்திருந்த ஏணியைக் கீழே இறக்கினார்.

அண்ணனைச் சுவிட்சுக்குக் காவல் வைத்துவிட்டு அண்ணி ஏறினாள். மீட்டரில் செருகிய ஒயரின் ஒரு முனையைக் கேபிள் பிளக்கின் கரண்ட் காலில் வைத்தாள், மறுமுனையை எஞ்சினில் வைத்தாள். இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது; மீட்டர் ஊமையாக இருக்க வேண்டும். அது துறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கீச்சென்று கத்தியது. சார்ஜரின் மூடியைத் திறந்தாள். கம்பி உள்ளே நுழையும் ஓட்டையின் விளிம்பில், எஞ்சின் அதிர அதிர, உறை தேய்ந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பெட்டியோடு ஒட்டிக்கொண்டு. பச்சைக் கம்பி மட்டும் இருந்திருந்தால் என்றைக்கோ சுவிட்ச் விழுந்து இந்தப் படகைக் காட்டிக்கொடுத்திருக்கும். அப்பா குனிந்து பார்த்தார். அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த வாரமே சங்கக் கூட்டம் கூடியது. என்னைக் காப்பாற்றியதற்கு எல்லோரும் பாராட்டினார்கள். அதே மூச்சில், பூட்டை உடைத்ததற்கும் துறையை நாள் முழுக்க முடக்கியதற்கும் அண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதாம்.

அண்ணி எழுந்தாள். "ஐஸ்காரர் அண்ணன்கிட்ட தப்பா சொன்னதுக்கு அன்னிக்கே மன்னிப்பு கேட்டேன். இதுக்குக் கேக்க மாட்டேன். நாளைக்கும் அப்படி நடந்தா நாளைக்கும் உடைப்பேன். புதுப் பூட்டு வாங்குறப்ப சின்னதா வாங்குங்க, எனக்கு வேலை மிச்சம்."

அப்பா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதரவாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். மன்னிப்புக் கேட்கும் வரை சின்னப் படகு துறையில் கட்டக் கூடாது என்று முடிவானது.

அண்ணி அங்கேயே அண்ணனிடம், "கயித்த அவிழு" என்றாள். அவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இந்த முறை தலை ஒரே பக்கம் ஆடியது. நானும் டிக்கெட் கட்டை மேசையில் வைத்துவிட்டு அவர்களோடு ஏறிக்கொண்டேன்.

துறைக்கு நேர் எதிரே, ஏரி நடுவில் நங்கூரம் போட்டோம். சிவப்பு எழுத்து துறையைப் பார்த்தபடி நின்றது. சார்ஜருக்குக் கரைக் கரண்ட் கிடையாது. எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை ஏற்றினோம். எதிர்க்கரையிலிருந்து ஆள் ஏற்றினோம். துறைக்காரர்கள் தங்கள் வாசலில் நின்று நாங்கள் கூட்டத்தோடு போவதைப் பார்த்தார்கள். அண்ணி ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போனாள். வேண்டாம் என்று அண்ணன் சொன்னால் இரண்டு தடவை அடித்தாள்.

ஐஸ்காரர்தான் முதலில் வந்தார். சும்மா விசாரிக்கிற மாதிரி வந்து, வெட்டிய பச்சைக் கம்பியை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். அண்ணி செய்து காட்டினாள். அடுத்து இன்னொருவர் வந்தார்.

அப்பா கடைசியாக வந்தார். ஒரு சின்ன துடுப்புப் படகில் தனியாக, வெயிலில் மூச்சு வாங்க. மடியில் பெரிய படகின் சார்ஜர் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதச் சரி பண்ணித் தா" என்றார். வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"பண்ணலாம் மாமா. பச்சைக் கம்பிய வெட்டச் சொன்ன உத்தரவு?"

"அதான் ஆளாளுக்குச் சேத்துக்கிறாங்களே."

"ஒளிச்சு ஒளிச்சு சேக்கிறாங்க. நீங்க போட்ட உத்தரவு, நீங்கதான் எடுக்கணும். எல்லாரும் கேக்கிற மாதிரி."

"என்னை மண்டியிடச் சொல்றியா?"

"நான் ஏன் சொல்றேன்? நின்னுக்கிட்டே சொல்லுங்க."

அப்பா சார்ஜரோடு திரும்பித் துடுப்புப் போட்டார். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் பேச மாட்டார் என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் துறை ஒலிபெருக்கியில் அவர் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. பச்சைக் கம்பி இல்லாத படகுக்குக் கரண்ட் கிடையாது என்றார். மின்காரர் பேச்சைக் கேட்டு உத்தரவு போட்டது தன் தப்பு என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, பூட்டு தன் பூட்டு, அதை உடைத்ததற்குத் தனக்கு இல்லாத வருத்தம் மற்றவர்களுக்கு எதற்கு என்றார். அதற்கப்புறம் மடக் மடக்கென்று ஒரு சத்தம். மைக்கை அணைக்க மறந்து தண்ணீர் குடித்தார்.

மன்னிப்புக் கேட்காமலே சின்னப் படகு தன் இடத்தில் வந்து கட்டியது. தடுக்க யாரும் வரவில்லை.

பெரிய படகின் சார்ஜரை அண்ணி அன்று மதியமே மாட்டினாள். தேய்ந்த கம்பியை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டாள். கரையிலிருந்து வந்த பச்சைக் கம்பியின் நடுவில் கைப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் சேர்த்தாள். அரிக்கிற சின்னக் கரண்ட்டை அது மறித்துவிடும், ஆபத்தான கரண்ட்டை மட்டும் விடும் என்றாள். அப்பா, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்ல விட்டீங்களா?" என்றாள். பிறகு பெட்டியிலிருந்து எஞ்சினுக்குத் தடிக் கம்பியை இழுத்தாள். அப்பா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தடிசு எதுக்கு? இதுல பாதி போதாதா?"

"போதாது மாமா. பேட்டரிக் கம்பி ஏதாவது பெட்டியில பட்டுதுன்னா அத்தனை பேட்டரியும் இது வழியாதான் பாயும். மெல்லிசா இருந்தா கம்பியே தீப்பிடிச்சிரும்."

"கொஞ்சம் மெல்லிசா..."

"கொஞ்சமும் கிடையாது."

"நான் ஒரு பேச்சுக்குத்தானே கேட்டேன்."

"இழுத்துப் புடிங்க மாமா, போல்ட் முறுக்கணும்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே இழுத்துப் பிடித்தார்.